ஓர் எழுத்துக்கு ஒரு பல்

சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்த ஜெமீலுக்கு இரண்டு பயம். ஒன்று, மாமா உள்ளே வந்துவிடுவாரோ என்ற பயம். மற்றது, இன்றைக்கே பிறை தெரிந்துவிடுமோ என்ற பயம்.

புது மாப்பிள்ளைக்கு முதல் பயம் இருப்பது வழக்கம்தான். ஆனால் நோன்புப் பிறை இன்று தெரியக் கூடாது என்று ஒரு ஹாபிஸ் மனதுக்குள் கெஞ்சிக் கொண்டிருப்பது மருதமுனைக்குத் தெரிந்தால் ஊரே கூடி அவனைச் சைக்கிளில் ஏற்றி ஊரை விட்டே அனுப்பியிருக்கும்.

எல்லாம் நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்த வினை. றாஹிலா தறிக்குழிக்குள் இருந்து சாரம் நெய்துகொண்டிருந்தாள். கல்யாணம் முடிந்து நாலு மாதம்தான் ஆகிறது. மனைவியின் காதில் ஏதோ சொல்லலாம் என்று ஜெமீல் தறியின் ஓரமாகக் குனிந்தான். அதே நேரம் அவள் கயிற்றைச் சுண்டினாள். நூலைச் சுமந்துகொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓட வேண்டிய நாடா, தறியை விட்டுப் பாய்ந்து அவன் வாயில் வந்து மோதியது. மேல்வரிசையில் நடுப்பல் ஒன்று சரிவாக உடைந்து பாதி போய்விட்டது. அவன் என்ன சொல்ல வந்தான் என்று றாஹிலா இன்னும் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் அவளும் இல்லை.

உடைந்தது அழகு மட்டும் என்றால் உதட்டை மூடிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியிருக்கலாம். ஜெமீல் குர்ஆனின் முப்பது ஜுஸ்வு பாகங்களையும் மனனம் செய்த ஹாபிஸ். பிறை தெரிந்த இரவிலிருந்து நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிவாசலில் முன்னால் நின்று தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை நடத்தப் போகிறவன். வெளியூரிலிருந்து பேர்பெற்ற ஹாபிஸ் ஒருவரை அழைப்போம் என்றுதான் பள்ளிவாசலில் முதலில் பேச்சு. குடிக்கு ஒருவராகக் கூடியிருந்த பள்ளி நிர்வாகிகளான மரைக்கார்மார் நடுவில் எழும்பி, "எங்கட ஊட்டுக்குள்ளேயே ஒரு ஹாபிஸ் இரிக்கக்குள்ள அசலூர் ஆள் என்னத்துக்கு?" என்று கேட்டு, வாதாடி, சிலரைப் பகைத்துக்கொண்டும் வென்றவர் அவனுடைய மாமனார் மீராசா மரைக்கார்.

அரபியில் 'தால்' என்றோர் எழுத்து உண்டு. அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அது வேறோர் எழுத்து. புள்ளி வைத்த தாலைச் சொல்ல வேண்டுமானால் நாக்கு நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட வேண்டும். அங்கே மூச்சு மெல்லக் கசிய வேண்டும். விளிம்பே இல்லாத பல்லில் நாக்கு எதைப் போய்த் தொடும்? நேற்றிலிருந்து ஜெமீல் நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். பஸ் கொண்டக்டர் விசில் ஊதுவது போல ஒரு சத்தம்தான் வந்தது.

தொழுகையின் ஒவ்வொரு சுற்றான ரக்அத்திலும் கட்டாயம் ஓத வேண்டிய குர்ஆனின் முதல் சூறாவில் அந்த எழுத்து ஒரே ஒரு தடவைதான் வருகிறது. அந்த ஒன்று வேறோர் எழுத்தாக மாறிவிட்டால் ஓதல் கெட்டது. முன்னால் நிற்பவனின் ஓதல் கெட்டால் பின்னால் நிற்கிறவர்களின் தொழுகையும் கெட்டது. மதரசாப் பரீட்சையில் இந்தச் சட்டத்தை எழுதி முழுப் புள்ளி வாங்கியவன் ஜெமீல். தெரியாதவனாக இருந்திருந்தால் இவ்வளவு நடுக்கம் இருந்திராது.

றாஹிலா கதவைச் சாத்திவிட்டு வந்து அவன் முன்னால் குந்தினாள். அழுது அழுது அவள் கண்ணும் வீங்கியிருந்தது.

"இஞ்சப் பாருங்க. கல்முனையில டொக்டர் எலிசா எண்டு ஒராள் இரிக்காவாம். உடைஞ்ச பல்ல மருந்து வெச்சு அடைச்சு, முந்தி இரிந்த மாதிரியே ஆக்கித் தருவாவாம். இப்பவே போவம்."

"மாமாக்கிட்ட என்ன சொல்லுற?" என்றான் ஜெமீல். சொல்லும்போதே காற்று ஊதியது.

அந்தக் கேள்விக்குப் பதில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. மீராசா மரைக்கார் புதுத் தொப்பியும் அத்தர் மணமுமாக நின்றார்.

"மருமகன்! ஏன் வாயப் பொத்திக்கிட்டு இரிக்கீங்க? பல்லுக் குத்தா?"

ஜெமீல் சால்வையை இன்னும் இறுக்கினான்.

"இல்ல வாப்பா," என்று றாஹிலா முந்திக்கொண்டாள். "ராவைக்குப் பிறை கண்டா ஓதணுமே. அதுக்காகக் குரலப் பாதுகாக்கிறார். இஷா வரைக்கும் ஆரோடயும் கதைக்க மாட்டாராம்."

பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் அது இப்படித்தான் அளவுக்கு மிஞ்சி அழகாக அமைந்துவிடும். மரைக்காரின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா மகள்! வாயக் கட்டி இரிக்கார். இதத்தானே நான் அண்டைக்குப் பள்ளியில சொன்ன. இப்பிடி ஒரு பேணுதல எங்க போய்த் தேடுற?"

"அத்தர் வாங்க ரெண்டு பேரும் கல்முனைக்குப் போயிட்டு வாறம் வாப்பா."

"போங்க, போங்க. நீ கதச்சு வாங்கு. அவரக் கதைக்க உட்டுராத."

அவர் நேராகத் தேநீர்க் கடைக்குப் போனார். அவர்கள் சைக்கிளில் அந்த வழியைக் கடக்கும்போது கடையிலிருந்த அத்தனை பேரும் எழும்பி மரியாதையாகச் சலாம் சொன்னார்கள். ஒருவர்கூடப் பதில் எதிர்பார்க்கவில்லை. ஜெமீல் தலையை மட்டும் அசைத்தான். அடுத்த ஊரான பாண்டிருப்பு தாண்டும் வரைக்கும் மிதிக்கிற வேகத்தை அவன் குறைக்கவில்லை.

டொக்டர் எலிசா தன் வீட்டின் முன்னறையில்தான் பல் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். மெதடிஸ்ட் கோயிலில் பாட்டுக் குழு நடத்துகிறவர் என்று ஊரில் சொல்வார்கள். வேலை செய்யும்போதும் எதையாவது முனகிக்கொண்டே இருப்பார்.

"ஆ காட்டுங்க," என்றவர், சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டதும் முனகலை நிறுத்தினார்.

"நரம்பு வெளியில தெரியல்ல. அது உங்கட நல்ல காலம். ஆனா கிட்டத்தான் நிக்குது. அடைக்கலாம்."

"பழைய மாதிரி வருமா டொக்டர்?" என்று றாஹிலா கேட்டாள்.

"வரப் பண்ணுவம். ஆனா ஒரு விஷயம். கொழும்பில இருந்து சாமான் வந்து கன நாள். இவர்ர பல்லு நிறத்தில ஒரு தரத்துக்குக் காணுமான அளவுதான் இருக்கு. பிழைச்சா மறுகா செய்ய என்னட்ட ஒண்டும் இல்ல."

ஜெமீல் றாஹிலாவைப் பார்த்தான். றாஹிலா தரையைப் பார்த்தாள்.

டொக்டர் ஊசியை எடுத்தார். ஜெமீல் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "அதப் போட்டா உதடு மரத்துப் போகுமா?"

"ஓம். ரெண்டு மூண்டு மணித்தியாலம்."

"அப்ப வேணாம்."

"ஊசி இல்லாட்டிக் கூசும். நல்லாக் கூசும். நரம்பு கிட்ட இருக்கு எண்டு சொன்னன்தானே?"

"கூசட்டும். உதடும் நாக்கும் மரத்துப்போனா எழுத்துச் சரியா வருதா எண்டு எனக்கு விளங்காது."

"என்ன எழுத்து?"

றாஹிலாதான் சொன்னாள். தராவீஹ், முதல் சூறா, புள்ளி வைத்த தால், பின்னால் நிற்கும் சனங்கள், வாப்பா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். நாடா தன் கையிலிருந்துதான் பாய்ந்தது என்பதையும் சொல்லி அழுதாள். டொக்டர் எலிசா ஊசியைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"கோயில்ல பாடக்குள்ள ஒரு பிள்ளைக்குப் பல்லு விழுந்தாலே எனக்குச் சத்தத்தில தெரியும்," என்றார். "சரி. பல்லக் கடிச்சுக்கொண்டு இருங்க. இல்ல, உங்கட மனிசிட கையப் பிடிங்க."

பல நிறங்களில் மாதிரிப் பற்கள் கோத்த ஒரு கொத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக அவன் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து நிறம் பார்த்தார். உமிழ்நீர் படாமல் பஞ்சு வைத்தார். உடைந்த ஓரத்தைத் துளைக்கும் மெஷினால் கொஞ்சம் சரித்தார். பிறகு அமிலக் களியைத் தடவிச் சற்றுப் பொறுத்துக் கழுவிக் காற்று அடித்தார்.

அந்தக் காற்று பட்டதும் ஜெமீலுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏதோ பாய்ந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கலிமாவை மனதுக்குள் சொன்னான். றாஹிலாவின் விரல்களை நெரித்தே விட்டான். அவள் சத்தம் போடவில்லை.

"நல்லா இருக்கு. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திட்டு," என்றார் டொக்டர். "இப்பிடி வெளுத்தாத்தான் மருந்து பிடிக்கும்."

கண்ணாடி போல மெல்லிய, பல்லின் வடிவத்தில் இருந்த ஒரு கூட்டை எடுத்து, கத்தரிக்கோலால் அளவாக வெட்டினார். இரண்டு பசைகளைத் தட்டில் வைத்துக் கலந்தார். கலக்கத் தொடங்கியதும் அவருடைய கை வேறு ஒருவரின் கை போல வேகமாகிவிட்டது; அந்தப் பசை சில நிமிஷத்தில் கல்லாகிவிடும். கூட்டுக்குள் பசையை நிரப்பி, உடைந்த பல்லின்மேல் தொப்பி போடுவது போலப் போட்டு அழுத்தி, பக்கத்துப் பல்லோடு ஒட்டாமல் நடுவில் ஒரு மெல்லிய தாளைச் செருகிப் பிடித்துக்கொண்டார். பிறகு கூட்டைக் கீறி உரித்தார்.

றாஹிலா எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் நேற்றுப் போன உயிர் திரும்பி வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! இஞ்ச, உங்கட பல்லேதான்!"

கண்ணாடியில் ஜெமீலும் பார்த்தான். எது உடைந்த பல், எது உடையாத பல் என்று அவனுக்கே தெரியவில்லை. மெல்ல நாக்கை வைத்து எழுத்தைச் சொன்னான்.

'த' என்று தடிப்பாக வந்தது. விசில் இல்லை. ஆனால் மூச்சும் இல்லை.

இன்னொரு தரம் சொன்னான். அதே 'த'.

"என்ன?" என்றார் டொக்டர்.

"புள்ளி விழுந்திட்டு," என்றான் ஜெமீல். "இது வெறுந் தால்."

றாஹிலாவின் முகம் திரும்பவும் செத்துப்போனது. டொக்டர் எலிசாவுக்கு அரபி தெரியாது. ஆனால் கோபம் வரவில்லை. உடையாத பல்லில் அந்த எழுத்து எப்படி வரும் என்று கேட்டார். அவன் நாக்கை ஒரு பக்கமாகத் திருப்பி மற்றப் பல்லில் வைத்துச் சொல்லிக் காட்டினான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"விளங்குது. நான் முன்னால பார்த்து வடிவாச் செய்திட்டன், பின்னால தடிச்சுப் போச்சு. சொந்தப் பல்லுக்குப் பின்பக்கம் அகப்பை மாதிரி ஒரு குழிவு இருக்கும். விளிம்பும் இவ்வளவு நேரா இருக்காது. கொஞ்சம் தேய்ஞ்சிருக்கும்."

கடி பார்க்கிற நீலத் தாளைத் துண்டாக்கிப் பல்லுக்குப் பின்னால் வைத்தார். "இப்ப உங்கட எழுத்தச் சொல்லுங்க."

சொன்னான். நாக்குப் பட்ட இடம் நீலமாகத் தெரிந்தது. அந்த நீலத்தை மட்டும் சுரண்டி எடுத்தார். திரும்பச் சொன்னான். திரும்ப நீலம், திரும்பச் சுரண்டல். ஒவ்வொரு தடவையும் மூச்சு இழையளவு கூடியது. ஒவ்வொரு தடவையும் பல்லும் இழையளவு மெலிந்தது. அவனுக்கு இரண்டுமே பயமாக இருந்தது.

ஓர் இடத்தில் டொக்டர் நிறுத்தினார். "இதுக்கு மேல எடுத்தா விளிம்பு கண்ணாடி ஓரம் மாதிரி ஆகிரும். பல்லு பலமா இருக்கணுமெண்டா இந்த அளவோட விடணும். எழுத்து வரணுமெண்டா இன்னும் எடுக்கணும். நீங்க சொல்லுங்க."

ஜெமீல் றாஹிலாவைப் பார்க்கவில்லை. "எடுங்க," என்றான்.

எடுத்தார். மெல்லிய பட்டையால் விளிம்பைத் தேய்த்து மினுக்கினார். ஜெமீல் உதட்டை ஈரமாக்கிக்கொண்டு எழுத்தைச் சொன்னான். நாக்கு நுனி விளிம்பைத் தொட்டது. மூச்சு அதன்மேல் மெல்லக் கசிந்தது.

"இதுதானே?" என்று டொக்டர் எலிசாதான் முதலில் கேட்டார்.

ஜெமீல் ஓம் என்று தலையை ஆட்டினான். பல் கூச்சத்தால் வந்த கண்ணீரும் மற்றக் கண்ணீரும் கலந்து வழிந்தது.

"ஒண்டு ஞாபகம் வெச்சிருங்க," என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னார் டொக்டர். "கடினமான எதையும் அந்தப் பல்லில முட்டவிடாதீங்க. சோறக் கஞ்சியாக் குடிங்க."

அவர்கள் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கடல் கிழக்கே கிடக்கிறது. பிறை பார்க்க மேற்கே போக வேண்டும். ஊர் ஆண்கள் எல்லாரும் கடலுக்கு முதுகு காட்டி வயல் வரம்புகளில் நின்றார்கள். பல் சரியாகிவிட்ட பிறகும் ஜெமீலுக்குப் பிறை வேண்டாம் என்றே இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கிடைத்தால் பல் கொஞ்சம் இறுகிவிடும் என்று நினைத்தான். அந்த நினைப்பு முடிவதற்குள் வரம்பில் ஒரு கூச்சல் எழுந்தது. நகக்கீறு போல ஒரு கோடு, தென்னைகளுக்கு மேலே தெரிந்தது.

"நல்லாத்தானே இரிக்கி? பயப்படாதீங்க," என்று றாஹிலா வாசலில் வைத்துச் சொன்னாள். "நான் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இரிப்பன்."

பள்ளிவாசல் நிரம்பி வழிந்தது. ஜெமீல் மெதுவாக வாய் கொப்பளித்து, முகம் கை கால் கழுவி வுழு எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வழக்கமாகத் தொழுகை நடத்தும் பெரிய லெப்பை இரவுத் தொழுகையான இஷாவை நடத்தி முடித்தார். இனித் தராவீஹ். ஜெமீல் முன்னால் போக எழும்பியபோது, மீராசா மரைக்கார் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். முன்வரிசை முழுக்க அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"பொழுது முழுக்க வாயக் கட்டி இரிந்த மனிசன்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "தொண்ட காஞ்சி போயிரிக்கும். ஆ எண்டுங்க மருமகன்."

அவர் கையில் பாக்களவு கற்கண்டு இருந்தது. ஜெமீல் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். அது போதுமாக இருந்தது. மாமா அன்பை எல்லாம் பெருவிரலில் சேர்த்துக் கற்கண்டை உள்ளே தள்ளினார்.

'டக்' என்றது.

யாருக்கும் கேட்டிருக்காது. ஜெமீலுக்கு அது மண்டைக்குள் இடி போலக் கேட்டது. நாக்கால் தடவிப் பார்த்தான். பல் இருந்தது. விளிம்பும் இருந்தது. கற்கண்டைக் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றான். அவனுக்கு நேர் பின்னால் உள்ள இடத்தை வேறு எவருக்கும் விடாமல் மாமா பிடித்துக்கொண்டார். பெரிய லெப்பைகூட ஒதுங்க வேண்டியிருந்தது.

அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டினான். முதல் சூறா தொடங்கியது. வசனம் வசனமாக அந்த எழுத்தை நோக்கிப் போனான். வந்தது. நாக்கு விளிம்பைத் தொட்டது. புள்ளியோடு, மூச்சோடு, பிறந்த பல்லில் சொன்னது போலவே எழுத்து வந்தது. அதற்குப் பிறகு அவன் ஓதியதைப் பள்ளிவாசல் மெய்மறந்து கேட்டது. பின்னால் மாமா மூக்கை உறிஞ்சி அழும் சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

குனிந்து ருகூவுக்குப் போய், நிமிர்ந்து, சுஜூதுக்குப் போனான். நெற்றி பாயில் பட்டதும் நாக்கின்மேல் ஏதோ சின்னதாக விழுந்தது. அது மெல்ல நழுவி, திறந்த உதடு வழியே பாயில் விழுந்தது. அரிசிமணி அளவு. வெள்ளை.

விளிம்பு இருந்த இடத்தை நாக்குத் தேடிப் போனது. ஓட்டை.

ஜெமீல் சுஜூதிலேயே கிடந்தான். அவன் தலையை உயர்த்தாமல் ஒருவரும் உயர்த்த முடியாது. மருதமுனை அவனுக்குப் பின்னால் நெற்றியைப் பாயில் வைத்துக் காத்துக் கிடந்தது. இவ்வளவு நீண்ட சுஜூது செய்கிற மருமகனை நினைத்து மாமா இன்னும் அழுதார்.

அடுத்த ரக்அத்தில் முதல் சூறா திரும்ப வரும். அந்த எழுத்து திரும்ப வரும். ஸ்பீக்கர் இரைச்சலில், இத்தனை சனத்துக்கு நடுவில், ஒரு புள்ளி குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? யாருக்கும் தெரியாது. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. தெரியாமலே இத்தனை பேரும் தொழுது முடித்துச் சந்தோசமாக வீட்டுக்குப் போவார்கள். தெரிந்தவன் அவன் ஒருவன் மட்டும்.

இரண்டாம் சுஜூதையும் முடித்து, அல்லாஹு அக்பர் என்று எழும்பினான். எல்லாரும் எழும்பினார்கள். அவன் ஓதத் தொடங்கவில்லை. ஸ்பீக்கரில் சும்மா இரைச்சல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் றாஹிலாவுக்கு அதைக் கேட்டே விளங்கியிருக்கும் என்று நினைத்தான்.

நடத்துகிறவனால் தொடர முடியாவிட்டால் பின்னால் நிற்பவரை முன்னுக்கு இழுத்துவிட்டு விலக வேண்டும். சட்டம் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பள்ளிவாசலில் அது நடந்து ஒருவரும் கண்டதில்லை. ஜெமீல் ஓர் அடி பின்னால் வைத்தான். கையை நீட்டி, பின்னால் நின்றவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

அந்தக் கை வர மறுத்தது. மீராசா மரைக்கார் தூண் போல நின்றார். தொழுகைக்குள் ஏன் என்று அவர் கேட்க முடியாது. இவன் சொல்லவும் முடியாது.

ஜெமீல் மாமாவின் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்து காட்டினான்.